சுடப்படாத துப்பாக்கிக்கே விலை அதிகம்

அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரத்தைச் சேர்ந்த கோல்ட் நிறுவனம் 1955இல் 'பைத்தான்' என்ற ரிவால்வரைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது அதன் விலை 125 டாலர். அன்றைக்கே அது மலிவான சரக்கு இல்லை. ஆறு தோட்டா கொள்ளும் உருளை, .357 மேக்னம் என்ற வலுவான தோட்டா, குழலின் முதுகில் துளைகள் வெட்டிய பட்டை, குழலின் அடியில் நுனிவரை ஓடும் கனத்த எஃகு, முகம் பார்க்கலாம் என்கிற அளவுக்கு மெருகேற்றிய கருநீல மேற்பரப்பு என்று தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும் தோற்றம் அதற்கு. இன்று நல்ல நிலையில் உள்ள பழைய பைத்தானுக்குச் சேகரிப்பாளர்கள் சில ஆயிரம் டாலர் கொடுக்கிறார்கள். அரிய வகையாக இருந்து, விற்கும்போது வந்த அட்டைப்பெட்டியும் காகிதங்களும் கூடவே கிடைத்தால் விலை இன்னும் ஏறும். தொழிற்சாலையில் செய்யப்பட்ட ரிவால்வர்களிலேயே மிகச் சிறந்தது இதுதான் என்று அரை நூற்றாண்டாக ஒரு பேச்சு இருக்கிறது. ரிவால்வரைச் சினிமாவில் மட்டுமே பார்த்திருக்கும் நமக்கு இந்தப் பேச்சால் ஆகவேண்டியது ஒன்றுமில்லை. ஆனால் ஒரு பொருளின் புகழையும் அதன் விலையையும் அளவுகோல் வைத்துப் பார்க்க இதைவிடத் தோதான பொருள் கிடைப்பது அரிது. ஓவியத்தின் தரத்தை எப்படி அளப்பது என்று சண்டை போடலாம். ரிவால்வர் ஓர் எந்திரம். அது என்ன செய்யவேண்டும் என்பதில் யாருக்கும் ஐயம் இல்லை, செய்கிறதா என்பதைச் சோதித்துப் பார்த்துவிடலாம்.

பைத்தானைப் பற்றிய புகழில் இரண்டு கூற்றுகள் பின்னிக் கிடக்கின்றன. அது நல்ல எந்திரம் என்பது ஒன்று. அதனால்தான் அதற்கு இந்த விலை என்பது இன்னொன்று. முதல் கூற்றில் பெரும்பகுதி உண்மை. இரண்டாவது கூற்றில் வரும் அந்த 'அதனால்தான்' என்ற சொல்லைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. சேகரிப்புச் சந்தையில் எந்திரத்தின் தரத்துக்கும் விலைக்கும் நேரான உறவு இல்லை என்பதற்குச் சாட்சி சொல்ல பைத்தானுக்கு முன்பே சில துப்பாக்கிகள் இருக்கின்றன.

1847இல் சாமுவேல் கோல்ட் அமெரிக்கப் படைக்காகச் செய்துகொடுத்த 'வாக்கர்' ரிவால்வரை எடுத்துக்கொள்வோம். எடை இரண்டு கிலோவுக்கு மேல். மொத்தம் செய்தது சுமார் 1,100. ஒவ்வோர் அறையிலும் 60 கிரெயின், அதாவது கிட்டத்தட்ட நான்கு கிராம் கருமருந்து கொள்ளும். கைத்துப்பாக்கிக்கு அது மிகப் பெரிய அளவு. அந்தக் காலத்து இரும்பால் அதைத் தாங்க முடியவில்லை. உருக்கிப் பிரிக்காமல் அடித்துச் செய்த இரும்பில் கசடு இழைகள் உள்ளேயே தங்கிவிடும். அழுத்தம் ஏறும்போது விரிசல் அந்த இழைகளில்தான் தொடங்கும். பல வாக்கர்களின் உருளைகள் சுடும்போதே வெடித்தன. குழலின் கீழே உள்ள தோட்டா இடிக்கும் நெம்புகோலோ அதிர்ச்சியில் தானாகக் கழன்று விழுந்து உருளையைச் சுற்றவிடாமல் மாட்டிக்கொள்ளும். அடுத்த ஆண்டே கோல்ட் உருளையைக் குட்டையாக்கி, மருந்தைக் குறைத்து 'டிரகூன்' என்ற புதிய வடிவத்துக்குப் போய்விட்டார். எந்திரம் என்ற முறையில் டிரகூன் திருத்தப்பட்ட பிரதி, வாக்கர் பிழைகள் உள்ள முதல் வரைவு. ஆனால் 2018இல் ஏலத்தில் 18 லட்சத்து 40 ஆயிரம் டாலருக்குப் போனது ஒரு வாக்கர்தான். வாக்கர் இன்று இவ்வளவு அரிதாக இருப்பதற்கு அதன் உருளைகள் வெடித்ததும் ஒரு காரணம். பிழையே விலையை ஏற்றியிருக்கிறது.

'வெப்ளி-ஃபாஸ்பரி' கதையும் அப்படித்தான். இந்தியாவின் வடமேற்கு எல்லைப் போரில் விக்டோரியா சிலுவை பெற்ற ஜார்ஜ் ஃபாஸ்பரி என்ற ஆங்கிலேய அதிகாரி வடிவமைத்தது அது. சுட்டதும் ஏற்படும் பின்னுதைப்பால் துப்பாக்கியின் மேல்பாதி முழுவதும் பின்னால் வழுக்கும்; உருளையின் மேல் வெட்டியிருக்கும் கோணல்மாணல் பள்ளத்தில் ஒரு முளை ஓடி, உருளையை அடுத்த தோட்டாவுக்குத் திருப்பும். 1901இல் விற்பனைக்கு வந்தது. காகிதத்தில் அழகு, முதல் உலகப் போரின் பதுங்குகுழிச் சேற்றில் அந்தப் பள்ளங்கள் அடைத்துக்கொண்டன. படை அதை முறைப்படி ஏற்கவே இல்லை. ஐயாயிரத்துக்கும் குறைவாகவே செய்யப்பட்ட அந்தத் தோல்விக்கு இன்று விலை மிக அதிகம். அதே நிறுவனம் செய்த, சேற்றிலும் மழையிலும் வேலை பார்த்த சாதாரண வெப்ளி அதில் சிறு பங்குக்குக் கிடைக்கும். இவை இரண்டையும்கூட விட்டுவிடலாம். 2021இல் 60 லட்சம் டாலரைத் தாண்டி ஏலம் போன கோல்ட் ரிவால்வர், அந்த ரகத்தில் உள்ள மற்றவற்றிலிருந்து உலோகத்திலோ வேலைப்பாட்டிலோ எள்ளளவும் மாறுபட்டதல்ல. 1881இல் பாட் காரெட் என்ற ஷெரீஃப் 'பில்லி த கிட்' என்ற கொள்ளைக்காரனைச் சுட்டது அந்தத் துப்பாக்கியால்தான் என்பதற்கு ஆவணம் இருந்தது. அவ்வளவுதான்.

ஆனால் பைத்தானுக்கு இப்படி ஒரு கதை இல்லை. லட்சக்கணக்கில் செய்து கடையில் விற்ற பொருள் அது, ஆகவே அதன் விலைக்குத் தரம்தான் காரணமாக இருக்கவேண்டும் என்று ஒருவர் வாதிடலாம். நியாயமான வாதம். அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் துப்பாக்கியின் உள்ளே போகவேண்டும். ரிவால்வரில் குழல் ஒன்று, தோட்டா அறைகள் ஆறு. ஒவ்வொரு முறை விசையை இழுக்கும்போதும் அடுத்த அறை குழலுக்கு நேராக வந்து நிற்கவேண்டும். உருளையின் பின்முகத்தில் உள்ள பற்களை உள்ளிருந்து ஒரு சிறு உந்துகோல் மேலே தள்ளும். உருளை ஆறில் ஒரு பங்கு சுழலும். அடியிலிருந்து ஒரு தாழ் எழும்பி உருளையின் வெளிப்புறக் குழியில் விழுந்து அதை நிறுத்தும். கோல்ட்டின் போட்டி நிறுவனமான ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் ரிவால்வர்களில் வேலை இத்துடன் முடிகிறது. விசையை முழுக்க இழுத்த நிலையிலும் உருளையைக் கையால் அசைத்தால் மயிரிழை அளவு ஆடும். அந்த ஆட்டத்தைக் குறை என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் அது வேண்டுமென்றே விட்டதுதான்: அறையிலிருந்து பாயும் குண்டு குழலின் வாயில் உள்ள புனல்போன்ற சரிவில் நுழையும்போது உருளையைத் தானே இழுத்துச் சரியான கோட்டுக்குக் கொண்டுவந்துவிடும்.

கோல்ட் வேறு வழியைத் தேர்ந்தெடுத்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே அந்த நிறுவனம் பயன்படுத்திவந்த விசையமைப்பில், தாழ் குழிக்குள் விழுந்த பிறகும் உந்துகோல் ஓயாது. விசை கடைசிவரை இழுக்கப்படும்போது அது பல்லை இன்னும் கொஞ்சம் நெருக்கும். ஒரு பக்கம் தாழ், மறுபக்கம் உந்துகோல் என்று நடுவில் இறுகிய உருளை துளிகூட அசையாது. இதை வங்கிப் பெட்டகத்தின் பூட்டோடு ஒப்பிடுவது துப்பாக்கிக்காரர்களின் வழக்கம். பைத்தானின் புகழுக்கு அடித்தளம் இதுதான். ஆனால் உருளை அசையாது என்றால், குண்டு அதைத் திருத்தவும் முடியாது. ஆறு அறைகளும் முதலிலேயே குழலுக்கு அச்சொட்டாக நேர் நிற்கவேண்டும். வெட்டும் எந்திரங்கள் அந்த அளவு துல்லியத்தை 1955இல் தரவில்லை. ஆகவே கைதேர்ந்த ஒருவர் உந்துகோலின் நுனியையும் தாழையும் அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாக இழைத்து, பொருத்தி, கழற்றி, மறுபடி இழைத்து ஒவ்வொரு துப்பாக்கியையும் தனித்தனியே சேர்க்கவேண்டியிருந்தது. விலையில் பெரும்பங்கு இந்தக் கைவேலைக்குத்தான். வீண் ஆடம்பரமாக இருக்கவில்லை. தேர்ந்தெடுத்த வடிவமைப்புக்கு அது கட்டாயம்.

இதற்குக் கொடுத்த விலை டாலரில் மட்டும் இல்லை. .357 மேக்னம் தோட்டாவின் உள்ளே எழும் அழுத்தத்துக்கு அமெரிக்கத் தொழில்தரம் வைத்திருக்கும் உச்சவரம்பு ஒரு சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு. அதே விட்டமுள்ள சாதாரண .38 ஸ்பெஷல் தோட்டாவுக்கு அது 17,000தான். தோட்டாக் கூட்டின் உள்விட்டம் சுமார் ஒன்பது மில்லிமீட்டர் என்று வைத்துக் கணக்கிட்டால், மேக்னம் வெடிக்கும் கணத்தில் கூட்டின் அடிப்பாகத்தில் பின்னோக்கி விழும் விசை ஒன்றரை டன் எடையை நெருங்கும். கூடு அறைச்சுவரைக் கவ்விக்கொள்வதால் அதில் ஒரு பகுதி குறையும். மிச்சம் துப்பாக்கியின் சட்டகத்துக்குப் போகும். உருளையும் தன் அச்சில் ஒரு நூலளவு பின்னுக்கு அடிபடும். ஸ்மித் அண்ட் வெஸ்ஸனில் உந்துகோல் அந்த நேரத்தில் சும்மா நிற்கிறது. கோல்ட்டிலோ அது பல்லோடு இறுக ஒட்டி நிற்கிறது. ஒவ்வொரு சூட்டின் அடியிலும் அதற்கும் பங்கு உண்டு. ஆயிரக்கணக்கான தோட்டாக்களுக்குப் பிறகு அதன் நுனி தேயும். தேய்ந்தால், சுத்தி முழுதாகப் பின்வாங்கிய பிறகும் தாழ் குழியில் விழாது. அந்த நிலையில் சுட்டால் அறையும் குழலும் கோணலாகச் சந்தித்து, குண்டின் ஓரம் சீவப்பட்டு ஈயத் துணுக்குகள் பக்கவாட்டில் தெறிக்கும். பழைய கோல்ட் வாங்குகிறவர்கள் உருளையை ஒரு விரலால் லேசாகப் பிடித்துக்கொண்டு, சுத்தியை மெதுவாக இழுத்து, தாழ் விழும் 'டிக்' ஒலி எப்போது வருகிறது என்று ஆறு அறைக்கும் காதுகொடுத்துக் கேட்பது இதற்காகத்தான். பைத்தான் உடையக்கூடியது என்ற வதந்தி மிகையானது. மெல்லிய .38 தோட்டாக்களைச் சுட்டால் அது ஒரு மனித ஆயுளுக்கு வரும். தேய்ந்த உந்துகோலைச் சுத்தியலால் தட்டி நீட்டவும் முடியும். ஆனால் எந்த இறுக்கத்துக்காக அதைக் கொண்டாடுகிறோமோ அந்த இறுக்கமே அதன் தேய்மானத்துக்கும் வேர் என்பதை மறுக்க முடியாது.

இதற்குப் போட்டிச் சுடுநர்கள் கண்ட வழி சுவையானது. அமெரிக்கக் காவல்துறையினருக்கான குறிபார்த்துச் சுடும் போட்டிகளில் பலர் பைத்தானின் குழலை மட்டும் கழற்றி ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் சட்டகத்தில் பொருத்திக்கொண்டார்கள். 'ஸ்மைத்தான்' என்றும் 'ஸ்மோல்ட்' என்றும் அந்தக் கலப்பினத்துக்குப் பெயர். புகழுக்கு அடித்தளமான கோல்ட் விசையமைப்பை விட்டுவிட்டு, அதன் கனத்த, துல்லியமான குழலை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். பரிசு வாங்குவது ஒன்றே நோக்கமாக இருந்த, பிராண்டுக்கு விசுவாசம் காட்ட அவசியம் இல்லாத மனிதர்களின் தீர்ப்பு அது. எந்த விளம்பரத்தைவிடவும் நான் அதைத்தான் நம்புவேன். விசையை இழுக்கும்போது கடைசி கட்டத்தில் கோல்ட்டின் இலைவில் கனத்துக்கொண்டே போகும், இழுவை சீராக இருக்காது என்பதும் அவர்கள் சொன்ன குறைகளில் ஒன்று.

குறியின் துல்லியம் எவ்வளவு என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஆறங்குலக் குழல் உள்ள பைத்தானில் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடைவெளி ஏறத்தாழ 20 சென்டிமீட்டர். இலக்கு 25 மீட்டரில் இருந்தால், முன்குறி நடுக்கோட்டிலிருந்து அரை மில்லிமீட்டர் விலகினால் குண்டு ஆறு சென்டிமீட்டருக்கு மேல் தள்ளி விழும். நீட்டிய கையில் ஒரு கிலோவுக்கு மேல் எடையைத் தாங்கி, விசையையும் இழுத்துக்கொண்டு, மூச்சும் நாடியும் ஓடிக்கொண்டிருக்கும் உடம்பால் முன்குறியை அரை மில்லிமீட்டருக்குள் நிறுத்துவது பெரிய வித்தை. நல்ல நடுத்தர விலை ரிவால்வருக்கும் பைத்தானுக்கும் எந்திரப் பிடியில் வைத்துச் சுடும்போது தெரியும் வேறுபாடு இந்தக் கை நடுக்கத்துக்குள் மூழ்கிப்போய்விடும். கைக்குப் பதிலாக இரும்புத் தாங்கியில் துப்பாக்கியை இறுக்கிச் சுடும் சாதனம் நெடுங்காலமாகவே இருக்கிறது. அதன் சிறப்பு, துப்பாக்கியின் பெயர் அதற்குத் தெரியாது என்பதுதான். மனிதனுக்குத் தெரியும், தெரிந்தால் தீர்ப்பு மாறும். 2010இல் இண்டியானாபொலிஸ் நகரில் ஒரு ஹோட்டல் அறையில் கிளாடியா ஃப்ரிட்ஸ் என்ற ஆய்வாளரும் சகாக்களும் 21 வயலின் கலைஞர்களுக்கு வெல்டிங் கண்ணாடி மாட்டிவிட்டு, ஸ்ட்ராடிவாரி உள்ளிட்ட பழைய இத்தாலிய வயலின்களையும் புதியவற்றையும் வாசிக்கவைத்தார்கள். எது பழையது என்று பெரும்பாலோரால் சொல்ல முடியவில்லை. அவர்களுக்கு அதிகம் பிடித்தது ஒரு புது வயலின். அதனால் ஸ்ட்ராடிவாரி மட்டமான தச்சன் என்று ஆகிவிடாது. கேட்கும் ஒலிக்கும் கொடுக்கும் கோடிகளுக்கும் நடுவே இருக்கும் பாலம் நாம் நினைத்ததைவிடப் பலவீனம் என்றுதான் ஆகிறது.

'அளவுகோலெல்லாம் இருக்கட்டும், பைத்தானின் விசையை ஒருமுறை இழுத்துப் பார்த்தவர்களுக்கு அதன் வழுவழுப்பு தெரியும்' என்று மறுப்பார்கள். அது கற்பனை இல்லை. உராயும் இரு பரப்புகளின் மேடுகளைக் கையால் இழைத்துச் சமன் செய்தால் உராய்வின் ஏற்ற இறக்கம் குறையும். விரல் அந்த ஏற்ற இறக்கத்தைத்தான் சொரசொரப்பு என்று உணர்கிறது. ஆனால் அந்த வழுவழுப்பு பைத்தானுக்கு மட்டும் வாய்த்த வரம் இல்லை. தேர்ந்த துப்பாக்கித் தச்சர் ஸ்மித் அண்ட் வெஸ்ஸனையும் அதே நிலைக்குக் கொண்டுவருவார், பழைய பைத்தானின் விலையில் சிறு பகுதிக்கு. தாங்கும் திறனே முக்கியம் என்றால் உலகம் வேறு பக்கம் போய்விட்டது. பிரான்சில் 1973இல் வந்த மானுரின் எம்ஆர்73, அந்நாட்டுச் சிறப்புக் காவற்படை நாள்தோறும் மேக்னம் தோட்டாக்களைச் சுட்டுப் பயிற்சி எடுத்தபோதும் தாங்கியது. அமெரிக்காவில் ருகர் நிறுவனம் சட்டகத்தை வார்ப்பில் செய்து, இலைவில்லுக்குப் பதில் சுருள்வில் போட்டு, கைவேலையை ஏறக்குறைய ஒழித்தே விட்டது. 1980களின் நடுவில் வந்த அதன் ஜிபி100, மேக்னம் தோட்டாக்களை எத்தனை சுட்டாலும் அசையாது என்று பெயர் வாங்கியது. அதை யாரும் பட்டுத்துணியில் சுற்றி வைப்பதில்லை.

பைத்தானின் உண்மையான தனித்தன்மை மேற்பரப்பில் இருக்கிறது என்பது என் கணிப்பு. கோல்ட் அதை 'ராயல் புளூ' என்று விற்றது. நீலம் என்று சொன்னாலும் அது வண்ணப்பூச்சு இல்லை. எஃகின் வெளித்தோலையே வேதிவினையால் மேக்னடைட் என்ற இரும்பு ஆக்சைடாக மாற்றுவது. அந்தப் படலத்தின் கனம் ஒரு மைக்ரான் அளவுதான். பெயின்ட் கீறலை மூடும். இது மூடாது, அடியில் இருப்பதை அப்படியே காட்டிக்கொடுக்கும். ஆகவே நிறத்தின் ஆழம் முழுவதும் அதற்கு முன் நடக்கும் மெருகில்தான் இருக்கிறது. எஃகில் உள்ள கீறல்கள் ஒளியின் அலைநீளத்தைவிட, அதாவது அரை மைக்ரானைவிடச் சிறிதானால் ஒளி சிதறாமல் ஒரே திசையில் திரும்பும். அப்போதுதான் அந்தக் கருமைக்குள் தண்ணீர் நிற்பதுபோன்ற ஒரு தோற்றம் வரும். நுண்ணிய பொடிகளை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுச் சக்கரத்தில் தேய்க்கும்போது விளிம்புகள் மழுங்கக்கூடாது, பொறித்த எழுத்துகளின் ஓரம் கரையக்கூடாது, திருகாணித் துளைகளின் வாய் புனல்போல் அகலக்கூடாது. வழுக்கும் சக்கரத்துக்கு எதிரே துப்பாக்கியைக் கையில் பிடித்துக்கொண்டு இதைச் செய்ய ஆண்டுக்கணக்கில் பழக்கம் வேண்டும். இந்த உழைப்புக்கு எவ்வளவு செலவு என்பதை ஸ்மித் அண்ட் வெஸ்ஸனே காட்டியிருக்கிறது: 1954இல் தன் உயர்தர மேக்னத்தின் உள்ளமைப்பை அப்படியே வைத்துக்கொண்டு, மெருகை மட்டும் குறைத்து, 'ஹைவே பேட்ரோல்மேன்' என்று மலிவாக விற்றது. காவலர்கள் மகிழ்ச்சியோடு வாங்கினார்கள். குண்டு எந்த மெருகுக்கும் மரியாதை கொடுப்பதில்லை.

இனி சந்தையின் நடத்தையைப் பார்த்தால் அது எதற்குக் காசு கொடுக்கிறது என்பது தெளிவாகிவிடும். தேய்ந்த கருநீலத்தை எடுத்துவிட்டு ஒரு பைத்தானுக்குப் புதிதாக மெருகேற்றினால், விசையமைப்பையும் சீர்செய்தால், எந்திரம் என்ற முறையில் அது முன்பைவிட மேம்பட்டது. சேகரிப்பாளரிடம் அதன் விலையோ வெகுவாகச் சரிந்துவிடும். விற்கிறவர் மறைத்தாலும் மழுங்கிய எழுத்து விளிம்பைப் பூதக்கண்ணாடியில் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார்கள். உச்ச விலை போவது எதற்கு என்றால், தொழிற்சாலைச் சோதனைக்குப் பிறகு ஒரு தோட்டாகூடச் சுடாத, பெட்டியைவிட்டு வெளியே வராத பைத்தானுக்கு. உருளையைச் சுழற்றினாலே தாழ் அதன் மேல் ஒரு மெல்லிய வளையக் கோட்டை இழுத்துவிடும். அந்தக் கோடு இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். யோசித்துப் பார்த்தால் இது வேடிக்கை. எந்தத் துப்பாக்கி நன்றாகச் சுடும் என்பதற்குச் சான்றே இல்லையோ அதற்குத்தான் மிக அதிக விலை. ஆறு அறைகளும் நேராக நிற்கின்றனவா என்று வாங்குகிறவர் சோதித்தால், சோதித்த அந்த நொடியிலேயே விலை குறைந்துவிடும்.

இயற்கையாகவே அமைந்த இன்னொரு சோதனையும் நம்மிடம் இருக்கிறது. 1999இல் வழக்கமான உற்பத்தியை கோல்ட் நிறுத்தியது. தனிப்பட்டறை வழியாகச் சில ஆண்டுகள் கொஞ்சம் வந்தது. 2010இல் 'த வாக்கிங் டெட்' தொலைக்காட்சித் தொடரின் நாயகன் இடுப்பில் பைத்தான் ஏறியதும் துப்பாக்கியைப் பற்றி ஒன்றும் அறியாதவர்களும் அதைத் தேடத் தொடங்கினார்கள். பிறகு 2020 ஜனவரியில் கோல்ட்டே பைத்தானைத் திரும்பக் கொண்டுவந்தது: பாகங்களில் 14 குறைவு, பின்குறியின் கீழே சட்டகத்தில் எஃகு கூடுதல், துருப்பிடிக்காத உலோகம், கணினி இயக்கும் எந்திரங்களின் துல்லியம், விலை 1,499 டாலர். முதல் வரவுகளில் உருளை சரியாகச் சுழலாத புகார்கள் எழுந்தன, திருத்தினார்கள். விலை தரத்துக்குத்தான் என்றால் இந்தப் புதிய வரவு பழையதன் விலையைக் கீழே இழுத்திருக்கவேண்டும். நல்ல நிலையில் உள்ள பழையதோ இன்றும் புதியதைவிடக் கூடுதலாகவே போகிறது. இதில் எனக்குப் பிடித்த கணக்கு ஒன்று உண்டு. அமெரிக்க நுகர்வோர் விலைக் குறியீட்டின்படி 1955இன் 125 டாலர், 2020இல் சுமார் 1,200 டாலருக்குச் சமம். ஒரு பைத்தானைச் செய்து லாபம் வைத்து விற்க அன்றைக்கும் இன்றைக்கும் ஆகும் தொகை பெரிதாக மாறவில்லை என்றுதான் இதற்குப் பொருள். அதற்கு மேல் பழையதுக்குக் கொடுக்கும் ஒவ்வொரு டாலரும் எஃகுக்கும் உழைப்புக்கும் போகவில்லை.

வேறு எதற்குப் போகிறது? இனி அந்த முறையில் செய்யமாட்டார்கள் என்ற உறுதிக்கு. சட்டம் கதவைச் சாத்தும்போதும் விலை இதே பாதையில்தான் ஏறும். இந்தியாவில் 1980களின் நடுவிலிருந்து தனியாருக்கான கைத்துப்பாக்கி இறக்குமதி ஏறக்குறைய நின்றுபோனதால், அதற்கு முன் வந்திறங்கிய சாதாரண வெளிநாட்டு ரிவால்வர்கள், பிறந்த நாட்டில் யாரும் திரும்பிப் பார்க்காதவைகூட, இங்கே பல லட்சம் ரூபாய்க்குக் கைமாறின. புதிதாக வர வழியில்லை என்பது மட்டுமே அவற்றின் சிறப்பு.

அப்படியானால் சேகரிப்பவர்கள் எல்லாரும் ஏமாளிகளா என்றால், இல்லை. அவர்களில் விவரம் தெரிந்தவர்கள் துப்பாக்கி வாங்குவதாக நினைத்து வாங்குவதில்லை. அரமும் மெருகுச் சக்கரமும் கொண்டு ஒரு தொழிற்சாலை இனி எடுக்காத உழைப்பின் சுவடு கலையாமல் இருக்கும் ஒரு பொருளை வாங்குகிறார்கள். அந்தச் சுவடு உண்மையானது, எண்ணிக்கையில் குறைந்துகொண்டே வருவது. அதற்குச் சந்தை வைக்கும் விலை அபத்தம் இல்லை. மறுமெருகு விலையைக் கெடுப்பதும் இந்தக் கணக்கில் முற்றிலும் சரி. என் வழக்கு, அதே விலையைக் காட்டி 'பார், எவ்வளவு நன்றாகச் சுடும் துப்பாக்கி' என்று சொல்பவர்களோடுதான். 1955 முதல் ஒரு கால் நூற்றாண்டுக்கு, அந்த விலைக்கு, பைத்தான் தன் புகழுக்குத் தகுதியான எந்திரம். அதைவிட நீடித்து உழைத்த, அதைவிட மலிவான துப்பாக்கிகள் கூடவே இருந்தன என்பதையும் சேர்த்துச் சொன்னால் அந்தப் புகழ் முழுமையான உண்மை. சுடுவதற்கென்று இன்று ஒருவர் பழைய பைத்தானைத் தேடிப்போனால் இரண்டு மடங்கு கொடுத்துத் தேய்மானத்தையும் சேர்த்து வாங்குகிறார்.

அந்தத் தேய்மானத்தைச் சரிசெய்யவும் ஆள் குறைகிறது. உந்துகோலை எத்தனை தட்டு தட்டினால் எவ்வளவு நீளும் என்று விரலில் தெரிந்துவைத்திருந்த தலைமுறை ஓய்வுபெற்றுவிட்டது. பழைய விசையமைப்பின் பாகங்களும் எளிதில் கிடைப்பதில்லை. கெட்டால் சீர்செய்வது கடினம் என்பதால் உரிமையாளர்கள் சுடுவதைக் குறைக்கிறார்கள். சுடாததால் மெருகு கலையாமல் இருக்கிறது. மெருகு கலையாததால் விலை ஏறுகிறது. விலை ஏறுவதால் சுடத் துணிகிறவர்கள் இன்னும் குறைகிறார்கள். பைத்தான் எப்படிச் சுடும் என்று இன்று நடக்கும் பேச்சில் பெரும்பகுதி, அது 125 டாலருக்கும் அதைச் சற்றுத் தாண்டிய விலைக்கும் விற்ற காலத்தில், அதை வாங்கி, இடுப்பில் மாட்டி, மழையில் நனையவிட்டு, ஆயிரக்கணக்கில் சுட்டுத் தேய்த்தவர்கள் சொன்னது. அவர்களுடைய துப்பாக்கிகளுக்குத்தான் இன்றைய ஏலங்களில் குறைந்த விலை.